ஒன்பதாவது பெயர்

நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒவ்வொருவராகச் சிறுவயதுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மாங்காய் திருடியது, வாத்தியாரின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டது, ஏரியில் முழுகப் போனவனைத் தூக்கியது. படித்துப் படித்து அலுத்துவிட்டது. எல்லோருக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது, காலையில் எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, இன்னும் நாமெல்லாம் நல்ல பிள்ளைகளாக இருந்ததாகவே எவ்வளவு நாள் எழுதுவது? நான் செய்த ஒரு கெட்ட காரியத்தை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

அதற்கு முன் எங்கள் வீட்டு மதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது நீங்கள் என்னை "பாய் வூட்டுப் பொண்ணு" என்று கூப்பிட்டீர்கள். "பாய் இல்லடா, பஹாய்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே வரதய்யபாளையம் பக்கம் எங்கள் காலனியில் பாதிப் பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். எல்லா மனிதரும் ஒன்று என்று யாரோ வந்து சொன்னார்களாம். சொன்னதோடு நிற்காமல் எங்கள் வீட்டுத் தட்டிலேயே சோறும் தின்றார்களாம். அதற்காகச் சேர்ந்தேன் என்று நைனா சொல்வார். பொங்கலும் வைப்போம், கங்கம்மா ஜாத்திரைக்கும் போவோம். அதெல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும்.

"உங்க சாமிக்குப் பூசாரி யாரு?" என்று கேட்பீர்கள். பூசாரி கிடையாது. அதுதான் எங்கள் தலைவலி. பூசாரி இருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்களுக்கு எல்லாமே தேர்தல். ஊருக்கு ஒன்பது பேர் சபை, நாட்டுக்கு ஒன்பது பேர் சபை, வருஷா வருஷம் புதிதாக. ஊர்ச் சபைக்கு ஊர்க்காரர்கள் நேராக ஓட்டுப் போடுவார்கள். தேசியச் சபைக்கு அப்படி இல்லை. நாலைந்து மண்டலத்து ஊர்க்காரர்கள் முதலில் ஓரிடத்தில் கூடி தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். நாடு முழுக்க உள்ள பிரதிநிதிகள் டெல்லியில் கூடி, ஆளுக்கு ஒன்பது பெயர் எழுதுவார்கள். நாட்டில் எங்கே இருக்கிற பஹாயாக இருந்தாலும் சரி, வயது வந்தவராக இருந்தால் அவர் பெயரை எழுதலாம். வேட்பாளர் கிடையாது. சின்னம், சுவரொட்டி, மைக் எதுவும் கிடையாது. "இவருக்குப் போடு" என்று காதோடு சொன்னாலும் குற்றம். சீட்டில் ஒன்பது பெயர் இருக்க வேண்டும். எட்டு இருந்தாலும் பத்து இருந்தாலும் செல்லாது. யார் பெயரை எழுதினோம் என்று கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, புத்தூர் சந்தையைத் தாண்டாத ஒருத்தி அதைச் செய்து பார்க்கும்போதுதான் தெரியும்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், மாமரம் பூத்திருந்த சமயம், பிரதிநிதி தேர்தலுக்குத் திருப்பதி போனோம். அம்மா, நான், தங்கை, ஊர்ச் சபையின் காரியதரிசி, இன்னும் ஏழெட்டுப் பேர். பஸ்ஸில் மொட்டை அடிக்கப் போகிறவர்களும் மொட்டை அடித்துவிட்டு வருகிறவர்களும்தான். கண்டக்டர் எங்களையும் மலைக்கென்றே நினைத்துக்கொண்டார். "கோவிந்தா சொல்லுங்கம்மா" என்றார். அம்மா சொன்னாள். காரியதரிசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூட அறையில் கூட்டம். காரியதரிசிதான் மூன்று வருஷமாகப் பிரதிநிதியாக டெல்லி போய் வந்துகொண்டிருந்தவர். அதற்கென்று கறுப்பு ரெக்சின் பை ஒன்று வைத்திருந்தார். அந்தத் தடவையும் பையோடுதான் வந்தார். பேச்சு நேரத்தில் அம்மா எழுந்து, "நாலு வருஷமா வந்துக்கினு கீறேன். ஆம்பளைங்க பேசறீங்கோ, நாங்கோ டீ துன்ன பேப்பர் கப்ப பொறுக்கிக்கினு போறோம். பொம்பளைங்களுக்கு இன்னா வோணும்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். டீயைத் துன்ன முடியாதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானம் சீட்டு எண்ணினார்கள். இரண்டு பிரதிநிதிகள். ஒருவர் திருப்பதியில் இருந்த வங்கிக்காரர். இன்னொருவர் என் அம்மா.

காரியதரிசி எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். போகும்போது மடியில் வைத்திருந்த பை, திரும்பும்போது சீட்டுக்கு அடியில் கிடந்தது.

அம்மா டெல்லி போகவில்லை. நைனா அப்போது அம்பத்தூரில் கம்பெனிக் கட்டிட வேலைக்குப் போயிருந்தார். எங்கள் காலனி ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். வேர்க்கடலை பிடுங்குகிற பருவம் வேறு. "இந்தி தெரியாம ரயில்ல எங்க போயி எறங்குவ? தபால்ல அனுப்பிடலாம், அதுக்கும் வழி கீது" என்றார் காரியதரிசி. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்கும் இந்தி தெரியாது. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சித்திரை மாதத்தில் டெல்லியிலிருந்து தபால் வந்தது. வழியில் எங்கோ கிடந்து தாமதமாகத்தான் வந்தது. உள்ளே ஒரு சீட்டு, இரண்டு கவர்கள். சீட்டைச் சின்னக் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அதன்மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அதைப் பெரிய கவரில் போட்டு அதன்மேல் பிரதிநிதி பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிச் செய்தால் யார் அனுப்பினார்கள் என்று தெரியும், யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாது. எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று காரியதரிசி கடிதத்தைப் படித்துச் சொன்னார்.

நம்பிக்கையான ஒருவர். அம்மா என்னைக் காட்டினாள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அம்மாவுக்கு நல்லவர்களைத் தெரியும், அவர்கள் பெயர் தெரியாது. எங்கள் ஊரில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? வருகிறவர்களெல்லாம் பாட்டுக்காரரு, மைசூர் அம்மா, கண்ணாடி போட்ட சாரு. சீட்டில் "கண்ணாடி போட்ட சாரு" என்று எழுத முடியாது. நாட்டில் எத்தனை சாருக்குக் கண்ணாடி இருக்கும்?

டெல்லியிலிருந்து வரும் செய்தி இதழ்களை அம்மா அலமாரித் தட்டில் விரித்து, மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து உதறினோம். எண்ணெய்க் கறையும் கரப்பான் வாசனையும். அம்மா போட்டோக்களில் விரலை வைத்துக்கொண்டே போவாள். "இவருதான். நம்ம ஊருக்கு வந்தப்போ கெணத்துல எறங்கித் தூர் வாரினாரு." நான் கீழே இருக்கும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பெயரைத் தெலுங்கில் எழுதிக்கொள்வேன். நம் ஆந்திராப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தெலுங்குதானே, எனக்குத் தமிழ் எழுத்து அப்போது வராது. மெட்ராசுக்குப் பிழைக்கப் போனபிறகு கற்றுக்கொண்டதுதான். "இந்தம்மா மீட்டிங்குல எல்லாரையும் பேச வுட்டுட்டு கடைசிலதான் பேசினாங்கோ. எழுது." கடலை பிடுங்கிவிட்டு வந்து கைமண்ணோடு ஒரு நாளைக்கு ஒரு முகம், இரண்டு முகம். சில பேரைப் பார்த்து, "இவரு பேச்சு நல்லாத்தான் கீது, ஆளு சரியில்ல" என்று தள்ளிவிடுவாள். எட்டுப் பெயர் சேர்ந்தது.

ஒன்பதாவது ஆள் அம்மாவின் மனதில் முதல் நாளிலிருந்தே இருந்தார். ஊசியம்மா. வெள்ளம் வந்த வருஷம் காலனி முழுக்க வாந்தி பேதி. அப்போது எங்கிருந்தோ வந்து எட்டு நாள் எங்களோடு தங்கிய நர்ஸ். எங்கள் அடுப்பில்தான் ஊசியைக் கொதிக்க வைப்பார். என் தங்கை அவர் சேலைமேல் வாந்தி எடுத்தாள். கழுவிக்கொண்டு மறுபடி அவளைத் தூக்கிக்கொண்டார். எதைச் செய்வதற்கும் முன்னால் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்பாராம். "என்னை அப்டி கேட்ட மொத ஆளு அவங்கோதான்" என்பாள் அம்மா. ஓர் இதழில் ஊசியம்மா இருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கீழே பெயர் இல்லை.

எங்கள் ஊரில் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் காரியதரிசி. அவர் அப்போது வரதய்யபாளையம் மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, புது பெயிண்ட் வாசனை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணா, வெள்ளத்தப்போ வந்தாங்களே ஊசியம்மா, அவங்க பேரு இன்னாங்கண்ணா?"

"எதுக்கும்மா?"

எதற்கென்று சொன்னால் ஓட்டு யாருக்கென்று சொன்ன மாதிரி. சொல்லக் கூடாது.

"சும்மாதாண்ணா."

"சீட்டு கையில இருக்கறப்போ சும்மா பேரு கேப்பாங்களா? யாருக்குப் போடறதுன்னு ஆளாளுகிட்ட கேட்டுக்கினு திரியற. இது பிரசாரம். நம்ம சட்டத்துல கூடாது, தெரியுமில்ல?"

"நான் யாருக்குப் போடறதுன்னு கேக்கலீங்க. பேருதான் கேட்டேன்."

"நான் சொல்லி, நீ அதை எழுதினா, நான் சொன்னதா ஆயிடும். எம்மேல வரும். என்னைக் கேக்காத. இன்னொரு தடவை நீ யாரையாவது இப்படிக் கேட்டதா தெரிஞ்சா தேசியச் சபைக்கு எழுதவேண்டி வரும்."

இப்போது யோசித்தால் அவர் முழுக்கக் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமை, மிச்சம் பயம். சட்டத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கைக்குப் பக்கத்திலேயே போன் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கூண்டை உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

திருப்பதிக்குப் போய் வங்கிக்காரரைக் கேட்கலாம் என்றால், அவர் குடும்பத்தோடு முன்னதாகவே டெல்லிக்கு ரயில் ஏறிவிட்டார். இதற்குள் காலனியில் பேச்சு கிளம்பிவிட்டது. "ஓட்டு கேட்டுக்கினு சுத்தறாளாம்" என்று குழாயடியில் சொன்னார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்த்து நடந்தாள்.

தபால் மறுநாள் காலை போயாக வேண்டும். இல்லாவிட்டால் டெல்லிக்கு நேரத்தில் சேராது. "வேற யார் பேரையாவது எழுதலாம்மா. காரியதரிசி பேரையே எழுதிடலாம்" என்றேன்.

"அவரை எனக்குத் தெரியும். அதான் எழுத மாட்டேன்."

"எட்டோட அனுப்பினா செல்லாதும்மா."

"செல்லலைன்னா போவட்டும். மனசுல இல்லாத பேரை எழுதறது ஓட்டா?" சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் வேலை, எத்தனை முகம், எவ்வளவு எழுத்துக் கூட்டல். ஒரு பெயருக்காக எல்லாம் வீணா? காரியதரிசி ஜெயித்துவிடுவாரா? இதெல்லாம் சத்தியமாக நினைத்தேன். அம்மா பாவம் என்றும் நினைத்தேன். எது அதிகம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விடிந்ததும் பழைய இதழ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போய், "அம்மா, கெடச்சிடிச்சி. ஊசியம்மா பேரு இதுல கீது" என்றேன். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயரை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "எழுது, எழுது" என்று பானையை நகர்த்திச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நான் என் அம்மாவின் பெயரை எழுதினேன்.

ஊசியம்மாவுக்கு இல்லாத ஒரு பெயரை எழுதினால் அது பொய். இது நிஜமான ஆள், நல்ல ஆள், என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அம்மாவைவிட யார் உசத்தி? பன்னிரண்டு வயதில் அது பெரிய தியாகம் செய்த மாதிரி இருந்தது. படிக்கச் சொன்னாள். எட்டு நிஜப் பெயரையும் ஒன்பதாவதாக அந்தப் பொய்ப் பெயரையும் படித்துக் காட்டினேன். சோற்றுப் பருக்கையை நசுக்கிச் சின்னக் கவரை ஒட்டினோம். பெரிய கவரில் அவள் பெயரை எழுதினேன். அம்மா கட்டை விரலில் என் மைப்பேனாவின் மையைத் தடவி அழுத்தினாள்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் எங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான். கடலை ஆயும்போது தங்கையிடம், "உன் வாந்தியை அள்ளினாங்களே, அவங்கோ பேரு இதுதான், மறந்துடாத" என்பாள். ஜெபம் முடிந்ததும் அந்தப் பெயரைச் சொல்லி நல்லா இருக்கட்டும் என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வைகாசியில் வங்கிக்காரர் ஊருக்கு வந்தார். பத்தொன்பது நாளுக்கு ஒரு தடவை நாங்கள் எல்லோரும் கூடி ஜெபம் சொல்லி, ஊர் விஷயம் பேசி, ஏதாவது தின்போம். அந்த மாதிரி ஒரு சாயங்காலக் கூட்டத்தில்தான் டெல்லியில் நடந்ததைச் சொன்னார். தேசியச் சபைக்கு வந்த ஒன்பது பேரைச் சொன்னார். அதில் அம்மா எழுதிய மூன்று பேர் இருந்தார்கள். கிணறு தூர் வாரியவர் பெயர் வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அசையவே இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

பிறகு அவர் என் அம்மாவைப் பார்த்து, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சந்தோஷமாகச் சொன்னார். "ஓட்டு வாங்கின எல்லார் பேரையும் சபையில படிச்சாங்க. நம்ம ஊரு அம்மா பேரும் வந்துச்சு. ஒரு ஓட்டு. நாக்கு சாலா சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்."

தட்டில் சுண்டல் இருந்தது. ஒருத்தி, "டில்லில இவளை யாருக்குத் தெரியும்?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. காரியதரிசி தொண்டையைச் செருமிக்கொண்டு, "தனக்குத் தானே போட்டுக்கறது தப்பில்ல. மனசாட்சிப்படி போட்டுக்கலாம்னு சட்டத்துலயே கீது" என்றார். அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதோடு முடிந்தது. குழாயடியில் அம்மாவுக்கு அந்த வருஷம் முழுக்க "டில்லியம்மா" என்று பெயர்.

அம்மா அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கடலைக் கொல்லையில், விட்டுப்போன கடலையைக் கொத்திப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நிமிராமலே கேட்டாள்.

"அப்போ ஊசியம்மா பேரு?"

"தெரியாதும்மா. சும்மா சொன்னேன்."

கொத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் எழுதினேன்னு கூட்டத்துல சொல்லிடறேம்மா. எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"சொல்லாத. சீட்டுல எழுதினதை வெளிய சொல்லக் கூடாது."

"உன்னைத் தப்பா பேசறாங்களே."

"பேசட்டும். பஞ்சாயத்து ஓட்டுக்குப் போனா, உன்னுது போட்டாச்சு, வூட்டுக்குப் போன்னு சொல்லுவானுங்கோ. பெரிய ஓட்டுக்கு உங்க நைனா சொல்ற சின்னத்துல குத்திட்டு வருவேன். இது ஒண்ணுதான் நானா ஒக்காந்து, நானா யோசிச்சு, இவங்கோ வோணும், இவங்கோ வாணாம்னு போட்டது. அதுல பூந்து நீ உன் இஷ்டத்துக்கு எழுதிட்ட."

அவள் குரல் ஏறவே இல்லை. திட்டியிருக்கலாம். ஓர் அறை கொடுத்திருக்கலாம். உன்மேல் ஆசையில்தானே எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரில் அவள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். எல்லாம் பழையபடிதான். நானும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஊசியம்மாவின் பெயர் கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வங்கிக்காரரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அம்மா கேட்கவில்லை, நான் எந்த முகத்தோடு கேட்பது?

மறுபடி மாமரம் பூத்தது. மறுபடி திருப்பதி, அதே பள்ளிக்கூட அறை. காரியதரிசியின் பை மறுபடி அவர் மடியில். அந்த வருஷம் அவர்தான் ஜெயித்தார். அதை விடுங்கள். சீட்டு கொடுத்தார்கள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா எழுந்து, கடைசி பெஞ்சுக்குப் போய், என் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை அப்போது இரண்டாம் வகுப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்கலாமென்று கிட்டே போனேன்.

அம்மா உள்ளங்கையால் சீட்டை மூடிக்கொண்டாள்.